வல்லாரைக்கு இரண்டு குடம்

வல்லாரை தின்றால் ஞாபகசக்தி பெருகும் என்று ஊரெல்லாம் சொல்கிறது. நான் அதை அதிகம் தின்றவள் அல்ல, அதற்குத் தண்ணீர் காவியவள், குடம் குடமாகச் சுமந்தவள். அப்படியிருந்தும் அந்த ஐந்து மாதங்களில் ஒரு நாளைக்கூட நான் மறக்கவில்லை. எங்கள் கலியாணத் தரகர்தான் அதைக் கட்டுக்கட்டாகத் தின்றவர். எந்த மாப்பிள்ளையை எந்தப் பொம்பிளைக்குப் பேசினோம் என்பதில் அவருக்குக் கடைசிவரை தடுமாற்றம் தீரவேயில்லை. ஆகவே அந்தப் பூண்டைப் பற்றி வைத்தியர்கள் என்னவும் எழுதட்டும். என்னிடம் மட்டும் யாரும் வந்து அதன் மகிமையைப் பேசவேண்டாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இது நடந்தது அறுபதுகளில். புங்குடுதீவில் மடத்துவெளிப் பக்கம் எங்கள் வீடு. ஐயா, என் தகப்பனார், தெற்கே ஒரு சிங்கள ஊரில் நெடுங்காலம் கடை வைத்திருந்துவிட்டு, கடையை அண்ணன்மாரிடம் கொடுத்துவிட்டு ஊரோடு வந்திருந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. கல்வீடு கட்டினார், விறாந்தையில் நான்கு கதிரை போட்டார், வளவுக்குள் ஒரு கிணறும் வெட்டினார். கிணற்றில் தண்ணீர் கண்ட அன்று பொங்கிப் படைத்து, சொந்தக்காரரை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்துக்கொண்டு, முதல் வாளியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டார். விட்டவர் துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் சபையைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன், அவருடைய கண்ணில் தண்ணீர் முட்டியதைக் கண்டேன். அது சவர். உப்புக் கரைத்த தண்ணீர்.

தீவில் அது புதினமில்லை. முக்கால்வாசிக் கிணறும் அப்படித்தான். அந்தத் தண்ணீரில் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், சவுக்காரம் நுரைக்காது, பரவாயில்லை. குடிப்பதற்கும் உலை வைப்பதற்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போகவேண்டும். எங்களுக்கு அது ஒரு கட்டை தூரம். மைலைத்தான் நாங்கள் கட்டை என்போம். அம்மாவுக்கு முழங்காலில் வாதம், நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுவார். அண்ணன்மார் இருவரும் தெற்கே. ஆகவே பன்னிரண்டு வயதிலிருந்து அந்த வீட்டுக்குத் தண்ணீர் வந்தது என் இடுப்பில்தான். காலையில் இரண்டு நடை, பின்னேரம் ஒரு நடை. மழை பெய்தால் ஒன்று குறையும். கலியாணவீடு, செத்தவீடு, திருவிழா என்றால் கணக்கே இல்லை. ஐயா அந்தத் தண்ணீரில் ஒரு நாளைக்கு ஐந்து தரம் தேத்தண்ணி குடிப்பார். குடித்துவிட்டு மிச்சத்தை முற்றத்தில் வீசி ஊற்றுவார். அந்த ஊற்றுகிற கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என்ன தோன்றும் என்பதை இங்கே எழுதினால் மகள் என்ற பெயருக்கு அழகில்லை.

எனக்கு இருபத்தாறு வயதானபோது தரகர் வந்தார். அதற்கு முன்னும் பலமுறை வந்தவர்தான், ஆனால் அன்று கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். நல்ல சம்பந்தம் கொண்டுவந்தால்தான் அவர் நுனியில் உட்காருவார்.

"அண்ணை, இது விடக்கூடாத இடம்" என்றார். "பொடியன் கவண்மேந்துக் கந்தோரில கிளாக்கர். கண்டிப் பக்கம். குவாட்டர்ஸும் குடுத்திருக்கினம். குவாட்டர்ஸ் எண்டா சும்மா இல்லை, குசினிக்குள்ளயே பைப்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். மாப்பிள்ளையின் நிறம், உயரம், சாதகம் என்று அவர் மேலும் என்னென்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. குசினிக்குள்ளேயே பைப். அடுப்படியில் நின்றபடி கையை நீட்டித் திருகினால் தண்ணீர் வரும்! பிறகு மாப்பிள்ளையின் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்தேன், மூக்கு இருந்தது, காது இருந்தது. மற்றப் பெண்கள் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பார்களாம். நான் அந்தப் பைப்பை நினைத்துக்கொண்டு படுத்தேன். அதன் பிடி பித்தளையாக இருக்குமா இரும்பாக இருக்குமா என்று யோசித்தே நித்திரையாகிப் போனேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் ஒன்றை அப்படி ஆசைப்பட்டதில்லை.

"ஆனா ஒண்டு அண்ணை" என்று தரகர் குரலைத் தாழ்த்தினார். "தாய்க்காரி பக்கத்துத் தீவில, சரவணையில இருக்கிறா. தகப்பன் இல்லை, எல்லாம் அவவின்ர முடிவுதான். சாதகம் கேக்கேல்லை, நகை கேக்கேல்லை. அவ கேட்ட முதல் கேள்வியே தண்ணியைப் பற்றித்தான்."

"தண்ணியோ?" என்றார் ஐயா.

"ஓம். அந்த வீட்டில தண்ணி எப்பிடியெண்டு கேட்டவ."

ஐயாவின் முகம் விழுந்துவிட்டது. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், கிணறும் அதோடு சேர்ந்து போகும். வருகிற மாப்பிள்ளை எந்தத் தண்ணீரைக் குடிப்பான் என்று தாய் யோசிப்பது நியாயம்தானே. ஐயா கிணற்றடியைப் பார்த்தார். வெயிலில் கிணற்றுக்கட்டின் விளிம்பில் உப்புப் பூத்து வெள்ளையாகத் தெரிந்தது.

தரகர்தான் வழி சொன்னார். "அண்ணை, பொம்பிளை பாக்க வாறவை வாளியைப் போட்டு அள்ளிக் குடிச்சுப் பாக்கமாட்டினம். மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லே. கண்ணாலதான் பாப்பினம். நல்ல தண்ணி நிக்கிற கிணத்தடியில என்ன நிக்கும்? வல்லாரை நிக்கும். ஒரு பாத்தி வல்லாரையை நட்டுவிடுங்கோ. வாயே திறக்கத் தேவையில்லை, அது சொல்லும்."

ஐயாவுக்கு முகத்தில் வெளிச்சம் வந்தது. அம்மாதான் கேட்டார்: "அதுக்குத் தண்ணி?"

"பக்கத்தில கிணறு இருக்குதே" என்றார் ஐயா.

"உந்தத் தண்ணியை விட்டா ரெண்டு நாளில கருகிப்போம்."

பிறகு மூவரும் ஒரே நேரத்தில் கதவின் பக்கம் திரும்பினார்கள். கதவுக்குப் பின்னால் நான் நிற்பது அவர்களுக்கு எப்போதும் தெரியும்.

மறுநாள் ஐயா பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார். அங்கே ஒரு தோட்டக்காரரிடம் வேரோடு பிடுங்கிய வல்லாரையை ஈரச் சாக்கில் சுற்றி வாங்கிக்கொண்டார். எங்கள் வெள்ளை மணலில் அது ஊன்றாது என்று தோட்டக்காரர் சொல்லியிருக்கிறார், ஆகவே இரண்டு சாக்குச் செம்மண்ணும் வந்தது. மண் சாக்குகள் பஸ்ஸின் தட்டில், வல்லாரை ஐயாவின் மடியில். நான் பிறந்தபோதுகூட அவர் என்னை அப்படி மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்க மாட்டார் என்று அம்மா சொன்னார். கிணற்றடியில் ஒரு பாய் அகலத்துக்குக் கிண்டி, செம்மண் போட்டு, ஒவ்வொரு தண்டாகப் பதித்தார். வெயிலுக்கு மேலே கிடுகு, ஆட்டுக்குச் சுற்றிவர வேலி, கோழிக்கு ஒரு வெருளி. கிணற்றுக்கட்டின் உப்பைச் சுரண்டிச் சுண்ணாம்பும் அடித்தார்.

"மூண்டு கிழமைதான் பிள்ளை" என்றார் என்னிடம். "அவை வந்து பாத்திட்டுப் போகுமட்டும். வல்லாரைக்கு ஒரு நாளைக்கு ரெண்டு குடம் காணும்."

நான் மறுபேச்சுப் பேசவில்லை. மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், இரண்டு குடம் கூடக் காவினால் அதற்குப் பிறகு சாகும்வரை காவத் தேவையில்லை. எனக்கும் கணக்கு விளங்கும். மூன்று நடை ஐந்து நடையானது.

மூன்று கிழமை முடிகிற நேரம் சரவணையிலிருந்து சொல்லியனுப்பினார்கள், ஒன்றுவிட்ட சொந்தத்தில் யாரோ செத்துத் துடக்காம், வர ஏலாதாம். துடக்குக் கழிந்ததும் ஆடி பிறந்தது. ஆடியில் யார் பெண் பார்க்க வருவார்கள்? ஆவணியில் வரலாம் என்றார்கள். ஆவணியில் வரப்போகிற நேரம் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்குப் பிறகு புரட்டாதிச் சனி. மழை வருமட்டும் தீவு எப்படிக் காய்ந்து கிடக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். பூவரசு இலை கொட்டியது, மாடுகள் பனையோலையைத் தின்றன, நல்ல தண்ணீர்க் கிணற்றிலேயே வரிசை. அந்த வறட்சியில் எங்கள் வளவில் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் பச்சைப்பசேலென்று வல்லாரை சடைத்து நின்றது. ஆளுக்கு ஆள் தேத்தண்ணியைக் குறைத்தோம். நான் முழுகுவதற்கு நல்ல தண்ணீர் கால் குடம் கேட்டேன், சவர் தண்ணீரில் முழுகி முழுகித் தலைமயிர் பனந்தும்பாகிவிட்டது. "இப்ப என்ன அவசரம், அவை வாற அண்டைக்கு முழுகலாம்" என்றார் ஐயா. வல்லாரை ஒரு நாளும் வாடவில்லை.

நாசமாய்ப் போன பூண்டு நன்றாக வளர்ந்ததுதான் அடுத்த பிரச்சினை. முதலில் பக்கத்து வளவு அக்கா ஒரு பிடி கேட்டு வந்தார். மகனுக்குப் படிப்பு ஏறவில்லையாம், சம்பல் போட்டுக் கொடுக்கவேண்டுமாம். பிறகு இன்னொருவர் வாய்ப்புண்ணுக்கு வந்தார். அதன் பிறகு தரகர், தான் வருகிற ஒவ்வொரு நாளும் ஒரு கட்டு. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு அம்மா பிசைந்து வைத்தால், சோறு முடிந்த பிறகும் அவருடைய கை கோப்பையைவிட்டு எழும்பாது. ஐயாவோ வல்லாரை வைத்தியராகவே மாறிவிட்டார். புத்திக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது, குரலுக்கு நல்லது, வயிற்றுப்புண் ஆறும், ஈரல் குளிரும், கோபம் தணியும் என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்குவார். கோபம் தணியும் என்று அவர் சொல்லும்போது நான் எட்டிப் பார்ப்பேன். தின்று பார்க்கலாம்தான், ஆனால் நான் காவிய தண்ணீரை நானே மென்று தின்பதற்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் பக்கத்து வளவு அக்கா குடத்தோடு வந்து நின்றார். "அண்ணை, உங்கட கிணறு இனிச்சுப்போச்சுதாமே. வல்லாரை நிக்குதெல்லே, பிறகென்ன. நானும் ஒரு குடம் அள்ளட்டோ?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அல்லது இன்றைக்குத் துலா முறிந்துபோச்சு என்று ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம். ஐயா பெரிய ஆள், அவருக்குச் சின்னப் பொய் வராது. "அள்ளுங்கோ" என்றார். அத்தோடும் விடாமல் தானே வாளியைப் போட்டு அள்ளி, அந்த அக்காவின் முன்னிலையில் ஒரு செம்பு நிறைய மடக்குமடக்கென்று குடித்தார். குடித்துவிட்டு, "தேன்" என்றார். தொண்டைக்குழி மேலும் கீழும் போய்வந்தது. அக்கா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார், வல்லாரையைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். ஐயா ஊரில் மதிப்பான மனுஷன், கோயில் தர்மகர்த்தா சபையில் இருப்பவர். "ஓம், முந்தினதுக்கு வித்தியாசம்தான்" என்று சொல்லிவிட்டு அரைக்குடத்தோடு போனார். வேலிப் படலையைத் தாண்டி எங்கே ஊற்றினாரோ தெரியாது. அன்று மத்தியானம் அம்மா ஐயாவின் கறிக்கு உப்புப் போடவில்லை. "வயித்துக்குள்ள இருக்குதானே, பிறகேன்" என்றார்.

ஆனால் கதை நிலைத்துவிட்டது. எங்கள் கிணறு இனித்துவிட்டது என்று ஊர் பேசியது. நான் இடுப்பில் குடத்தோடு நல்ல தண்ணீர்க் கிணற்று வரிசையில் போய் நின்றால் பெண்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். "உங்கட வீட்டில தேன் ஓடுதாம், நீர் ஏன் இஞ்ச?" என்று ஒருத்தி கேட்டாள். "ஐயாவுக்குத் தேன் ஒத்துக்கொள்ளாது, சீனி வியாதி" என்றேன். அதற்குப் பிறகு நான் விடிய வெள்ளெனப் போய் வரத் தொடங்கினேன்.

கடைசியில் ஐப்பசி பிறந்ததும் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம். தாயும் தாயின் தம்பியும் தரகரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தம்பியார் விறாந்தைக் கதிரையில் அமர்ந்து பலகாரத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டவர்தான், அதற்குப் பிறகு வாய் திறந்தது தின்பதற்கு மட்டுமே. தாய் மெலிந்த மனுஷி, வெள்ளைச் சேலை, கையில் குடை. விறாந்தையில் ஏறுவதற்கு முன்னாலேயே ஐயா, "வாங்கோ, முதல்ல கிணத்தடியைப் பாப்பம்" என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் கிணற்றடியை முதலில் காட்டிய மனுஷன் தீவுப்பகுதியில் ஐயா ஒருவராகத்தான் இருப்பார். தரகர் இருமினார். ஐயா காதில் விழுத்தாமல் புத்திக்கு நல்லது, கண்ணுக்கு நல்லது என்று தொடங்கிவிட்டார்.

ஐயாவின் பேச்சு ஈரலுக்கு வருமட்டும் அந்த அம்மா பொறுத்திருந்தார். பிறகு, "நீங்கள் போய் இருங்கோ. பிள்ளையை வரச்சொல்லுங்கோ, அவ காட்டட்டும்" என்றார்.

நான் கூறைக்கு அடுத்தபடியான ஒரு சேலையில் போய் நின்றேன். அன்று காலையில்தான் ஒரு வழியாக நல்ல தண்ணீரில் முழுகியிருந்தேன். அவர் பாத்தியோரம் குந்தி ஓர் இலையைக் கிள்ளி மணந்து பார்த்தார். மண்ணில் கொஞ்சம் எடுத்து விரலால் தேய்த்தார்.

"பிள்ளை, மண் வெளியூர் மண்."

"ஓம்" என்றேன்.

"பூண்டும் வெளியூர்."

"ஓம்."

"அப்ப தண்ணியும் வெளியூர்தான்."

முடிந்தது, பைப்பும் போய்விட்டது, ஐயாவின் மானமும் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. தீவில் பிறந்து வளர்ந்த மனுஷிக்கு ஒரு பாத்தி வல்லாரையையும் ஒரு கை சுண்ணாம்பையும் காட்டி ஏமாற்றலாம் என்று இரண்டு ஆம்பிளைகள் நினைத்தார்களே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

"எவ்வளவு தூரம்?"

"ஒரு கட்டை."

"ஆர் காவுறது?"

"நான்தான்."

"ஒரு நாளைக்கு எத்தினை நடை?"

"வீட்டுக்கு மூண்டு. இதுக்கு ரெண்டு."

"எத்தினை மாசமா?"

"அஞ்சு."

"நாரி நோகிறேல்லையோ?"

"பழகிப்போச்சுது."

அவர் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தார். பிறகு முதுகை நாரிமட்டும், இடுப்பெலும்பு வரைக்கும், தடவினார். அம்மாகூட என்னை அப்படித் தடவியது கிடையாது. ஒரு மனுஷிக்கு விளங்கியிருக்கிறது, இந்தப் பிள்ளை காவியது போதும் என்று ஒருத்தி நினைக்கிறாள் என்று நம்பினேன். மாமியாராக வந்தால் இவவின் காலைக் கழுவலாம் என்றுகூட அந்த நிமிஷம் நினைத்தேன்.

"அந்தக் குடத்தை நிரப்பித் தூக்கும் பாப்பம்" என்றார்.

தூக்கினேன்.

"வேலிமட்டும் போயிட்டு வாரும்."

போய்விட்டு வந்தேன். அவர் கீழே நிலத்தைப் பார்த்தார். "சிந்தேல்லை" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. மாடு வாங்க வந்தவர்கள் நடக்கவிட்டுப் பார்ப்பதை நான் எத்தனை தரம் கண்டிருக்கிறேன், அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. பைப் கண்ணை மறைத்துவிட்டது.

விறாந்தையில் அவர் கதிரையில் அமர்ந்ததும் எல்லோரும் அவருடைய வாயைப் பார்த்தோம். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன்.

"எங்களுக்கு முழுச் சம்மதம்" என்றார். "சீதனம் நீங்கள் விரும்பினதைச் செய்யுங்கோ. நாங்கள் பேரம் பேசமாட்டம்."

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கிணறு பிடிச்சுதோ?" என்று கேட்டார். மனுஷனுக்கு விட மனமில்லை.

"கிணறு எனக்கு என்னத்துக்கு?" என்றார் அந்த அம்மா. "நான் கிணத்தைப் பற்றிக் கேக்கேல்லையே. அந்த வீட்டில தண்ணி எப்பிடி, பொம்பிளை தானே போய் அள்ளுறவளோ, இல்லாட்டி ஆள் வைச்சு அள்ளுறவையோ எண்டுதான் கேட்டனான். எங்கட வளவிலயும் சவர்தான். நல்ல தண்ணி ஒண்டரைக் கட்டை. எனக்கு இனி ஏலாது, வயதும் போட்டுது. பிள்ளை எங்களோட வந்து இருக்கட்டும்."

ஐயா தரகரைப் பார்த்தார். தரகர் கூரையைப் பார்த்தார். கேள்வியின் பின்பாதி அவருக்கு வழியில் எங்கேயோ விழுந்துபோயிருந்தது.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவதில்லை. நான் பேசினேன். "அப்ப குவாட்டர்ஸுக்கு நான் போறேல்லையோ?"

"அங்க உமக்கு என்ன வேலை? அவன் கடையில சாப்பிடுவான். வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் லீவில வருவான்."

"குசினிக்குள்ள பைப் இருக்காம்."

"இருக்குது. அது அவனுக்குக் காணும்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். கோப்பைகள் சத்தம் போட்டன. "எனக்கு ஏலாது" என்றேன்.

ஐயா சிரித்தார். "பிள்ளைக்கு வெக்கம்" என்று சபைக்குச் சொன்னார்.

"வெக்கமில்லை ஐயா. எனக்கு ஏலாது. அவையின்ர வீட்டுக்கும் காவ ஏலாது, இந்த வல்லாரைக்கும் காவ ஏலாது."

அந்த அம்மா தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தார். எழும்பும்போது, "நல்ல நாரி, வாய்தான் கூட" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார். தம்பியார் கையில் கடைசிப் பயற்றம் பணியாரம். தரகர் அன்றைக்குக் கட்டு எடுக்காமலே போனார்.

படலை சாத்தியதும் ஐயா ஆடினார். ஊரில் தலைகாட்ட ஏலாது, குலத்தைக் கெடுத்தாய், கைக்கு வந்ததைக் காலால் தட்டினாய், நீ இனிக் குமர் இருந்து நரைக்கப்போகிறாய் என்று பத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினார். கடைசியாக விறாந்தைத் தூணில் அடித்து, "இனி உன்ர கையால பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடிக்கமாட்டன்! இது சத்தியம்!" என்றார்.

யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் பிள்ளைகளோடு கோபித்தால் எல்லோரும் சொல்வதுதான் அது. மற்ற வீடுகளில் அப்படிச் சொன்னவர்கள் குசினிக்குள் போய் மனைவியிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு மிச்சக் கோபத்தைத் தொடர்வார்கள். ஐயாவும் குசினி வாசலில் போய் நின்றார்.

"இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி போடும்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "குடத்தில இருக்கிறது அவள் காவினது. பானையில இருக்கிறதும் அவள் காவினது. சத்தியம் பண்ண முந்தி யோசிச்சிருக்கவேணும்."

பக்கத்து வளவில் ஒரு செம்பு கேட்கலாம். என்னவென்று கேட்பது? எங்களுடையது, தேன் என்று அவரே செம்பு நிறையக் குடித்துக் காட்டிய கிணறு அல்லவா. அன்று இராச்சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். நானும் வீம்புக்குக் குறைந்தவள் இல்லை. தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கவுமில்லை, மறுநாள் விடியக் குடத்தைத் தொடவுமில்லை. இந்த வீட்டுக்கு நான் காவியது போதும் என்று பாயில் கிடந்தேன்.

கிடந்தபடியே பித்தளை இடிபடுகிற சத்தம் கேட்டேன். எட்டிப் பார்த்தால் ஐயா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் குடத்தைத் தூக்கிக்கொண்டு படலையைத் திறக்கிறார். நான் எழும்பினேன். "விடடி" என்றார் அம்மா.

நான் ஒரு நடைக்கு ஒரு மணித்தியாலம்கூட எடுப்பதில்லை. ஐயா வரும்போது வெயில் ஏறிவிட்டது. குடத்தை முதலில் தோளில் வைத்திருக்கிறார், பிறகு தலையில், வேலியடியால் திரும்பும்போது இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். சால்வை, வேட்டி எல்லாம் நனைந்து காலில் ஒட்டியிருந்தது. பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னண்ணை, தேன் முடிஞ்சுபோச்சோ?" என்றார். ஐயா திரும்பிப் பாராமல் நடந்து வந்தார். விறாந்தைப் படியில் குடத்தை வைத்தார். அரைக்குடமும் இல்லை. பக்கத்தில் தானும் இருந்தார். மூச்சு அடங்கக் கனநேரம் எடுத்தது. குடம் இருந்த பக்கத்து நாரியைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

திட்டப்போகிறார் என்று நான் தயாராக நின்றேன். பதிலெல்லாம் வாயில் இருந்தது.

"அந்த வெளியில ஒரு நிழல்கூட இல்லையே பிள்ளை" என்றார்.

"இல்லை."

"எத்தினை வயதில போகத் துவங்கினனீ?"

"பன்னிரண்டில."

வேட்டித் தலைப்பைப் பிழிந்தார். "ஒரு நாளும் ஒண்டும் சொல்லேல்லையே நீ."

"நீங்கள் ஒரு நாளும் கேக்கேல்லை ஐயா."

வாயில் வைத்திருந்த மற்றப் பதில்கள் எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. ஐயா செம்பை எடுத்துக் குடத்தைச் சரித்து வார்த்தார். கொஞ்சம் படியில் சிந்தியது. முதல்நாள் பின்னேரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடியாத மனுஷன், செம்பை வாய்க்குக் கொண்டுபோகாமல் என் பக்கம் நீட்டினார்.

"குடி."

வாங்கிக் குடித்தேன். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு இன்னொருவர் எனக்காகக் காவிவந்த தண்ணீரை நான் குடித்தது அன்றுதான்.